ஏடு பெயர்த்து எழுதியவர்கள்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஆயுள் முழுவதும் நகல் எழுதும் குமாஸ்தாவாகவே இருந்து, பதவி உயர்வு ஒன்றும் காணாமல் ஓய்வுபெற்ற உன் பெரியப்பாவின் வாழ்வு வியர்த்தமாயிற்று என்று வருந்தி எழுதியிருக்கிறாய். அவரிடம் உனக்குள்ள பிரியத்தை நான் அறிவேன். ஆயினும் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்வதற்கில்லை.

1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டு வெளியிட்டார். ஏடு தேடி ஊர் ஊராக அவர் அலைந்த சிரமத்தை நீ படித்திருப்பாய். அவருக்கு நாம் எவ்வளவு நன்றி செலுத்தினாலும் தகும். ஆனால், அவர் தேடிச் சென்றபோது ஏடு என்று ஒன்று இருக்கும்படி செய்தவர்கள் யார்? நம் நாட்டு வெப்பத்துக்கும் செல்லுக்கும் ஈடுகொடுத்துப் பனையோலை இரண்டு மூன்று நூற்றாண்டுகள் நிற்பதே அரிது; ஆகவே, பழைய ஓலை இற்றுப்போகுமுன் யாரோ ஒருவர் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி வைக்க, அதுவும் இற்றுப்போகுமுன் வேறொருவர் எழுதி வைக்க, இவ்வாறே தலைமுறை தலைமுறையாக அந்நூல் நம்மிடம் வந்து சேர்ந்தது.

அந்த வேலையைச் சிறிது எண்ணிப்பார். ஓலையை வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, ஒரே அளவாக நறுக்கி, இடக்கைப் பெருவிரல் நகத்தில் வெட்டிய பள்ளத்தில் எழுத்தாணியை ஊன்றி, ஒவ்வோர் எழுத்தாகக் கீற வேண்டும். சற்று அழுத்தினால் ஓலை பொத்துவிடும். அதனாலேயே மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட அவர்கள் இடுவதில்லை. கரியைத் தடவினாலன்றி எழுதியது கண்ணுக்குப் புலப்படாது. இவ்வளவும் செய்தவர்களுக்கு, எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்ற பழமொழியைத்தான் உலகம் வெகுமதியாக அளித்தது. பிழைகள் மலிந்திருந்தது மெய்யே. ஆனால் புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுக்கள் இன்று நமக்கு இல்லை. பிழை மலிந்த ஒரு பிரதியிலேனும் அவை எஞ்சியிருந்தால், அறிஞர்கள் எப்பாடு பட்டேனும் திருத்திக்கொண்டிருப்பார்கள். எழுதாமற்போனதைத் திருத்துவார் எவருமில்லை.

உன் பெரியப்பா செய்ததும் இதே தொழில்தான். மூலப்பத்திரத்தைக் கறையானுக்குப் பறிகொடுத்த ஒரு விதவை, தன் அரைக்காணி தன்னுடையதே என்று நிரூபிப்பதற்கு, அவரைப் போன்ற ஒருவர் பதிவுப் புத்தகத்தில் எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்த பக்கத்தையே நாடி வருகிறாள். எழுதியவர் யார் என்று அவள் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு எழுதியதை அவர் செவியில் படும்படி சொல்லாதே. வருகிற விடுமுறையில் அவரருகே உட்கார்ந்து, அவர் கைப்பட எழுதிய பத்திரங்களைப் பற்றிக் கேள்.

இப்படிக்கு,
உன் மாமன்