கொல்லையில் புதையல்

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமாவுக்கு முழங்கால் வலி தேவலை. நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் உன் மகன் பிடுங்கிக்கொள்கிறான், அதனால்தான் எழுதுகிறேன்.

கொல்லையில் புதையல் வேட்டை வைக்கிறாய், நல்லதுதான். லீவில் பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்தால் போதாதா? ஆனால் முதலில் கிணறு. அதன் கைப்பிடிச் சுவர் உன் மகன் இடுப்புக்குத்தான் வருகிறது, மேலே கிடக்கும் கம்பி வலை துருப்பிடித்து உதிர்கிறது. சனிக்கிழமைக்குள் ஆளை வைத்துப் புது வலை போட்டுக் கட்டிவிடு. மட்டைக் குவியலிலும் செங்கல் அடுக்கிலும் சீட்டு ஒளித்து வைக்காதே. இந்த வெயிலுக்குப் பாம்பும் நட்டுவாக்காலியும் அங்கேதான் நிழல் தேடி வரும், பிள்ளைகள் கையை விட்டுத் துழாவுவார்கள். பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அக்னி நட்சத்திரம் என்பதை மறக்காதே.

தோண்டுகிற விளையாட்டும் வேண்டாம். மாமா ரெவின்யூவில் இருந்தபோது சொல்வார், 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளது எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுமாம். சட்டம் கிடக்கட்டும். பாட்டி காலமான வருஷம் அந்தக் கொல்லையில் தோண்டியது நம் குடும்பத்துக்கு ஏழு தலைமுறைக்குப் போதும்.

கடற்கொள்ளையன் தொப்பியும் வரைபடமும் ஆன்லைனில் வாங்கியிருப்பதாகச் சொன்னாய். கடலூரில் இருந்துகொண்டு கதையை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டுமா? தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் வெள்ளைக்காரன் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினான். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்றால், பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் என்று பேச்சு. நாலு பக்கமும் சுட்டான். குண்டு விழுந்த ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று ஆகிவிட்டது. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதுதான். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் அவர் பேரில் பெரிய பல்கலைக்கழகமே இருக்கிறது. நீயும் ஒரு பந்தை எறியச் சொல்லி, அது விழுகிற இடம்தான் எல்லை என்று ஆரம்பி. பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்.

பந்து கொல்லையின் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தால் என்ன செய்வாய்?

யார் யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எதிர் வீட்டுப் பிள்ளைகள் என்று அடுக்கினாய். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் பெயர் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பெரியவனும் உன் மகனும் ஒரே வகுப்பு, ஒரே ஆட்டோ. திருப்பாப்புலியூர் கடைத்தெருவைத் தாண்டும்வரை ஒருவன் மடியில் ஒருவன் பையை வைத்துக்கொண்டு வருகிறான்கள், வீட்டு வாசலில் இறங்கியதும் யாரோ எவரோ என்று ஆளுக்கொரு கேட்டுக்குள் போகிறான்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

அந்தச் சுவரை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கிணறு உங்கள் பக்கம், தென்னை அவர்கள் பக்கம் என்று ஒரு கொல்லையை அறுத்துப் போட்டார்கள், கூடப் பிறந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் பலாமரம் சாய்ந்து சுவரை இடித்துப் போட்டதே, கடவுளே வழி விட்டார் என்று நினைத்தேன். அண்ணனும் தம்பியும் அத்தனை வருஷத்துக்கு அப்புறம் நேருக்கு நேர் பேசியதே அப்போதுதான். என்ன பேசினார்கள்? சுவரைத் திரும்பக் கட்டுகிற செலவில் யாருக்கு எவ்வளவு என்று. பலா போனதற்கு ஒருத்தரும் வருத்தப்படவில்லை.

உனக்கு இன்னொரு புதையல் கதை சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல். தேவார ஏடுகள் எங்கே என்று ராஜராஜ சோழன் தேடியபோது துப்புக் கொடுத்தது திருநாரையூர் பொள்ளாப் பிள்ளையார். நம்பியாண்டார் நம்பி அதைக் கேட்டு, ஏடுகள் இங்கே தில்லைக் கோயிலில் பூட்டிய அறைக்குள் இருக்கின்றன என்று மன்னனிடம் சொன்னார். பாடிய மூவரும் வந்தால்தான் கதவைத் திறப்போம் என்று தீட்சிதர்கள் நின்றுவிட்டார்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கொண்டுவந்த பிறகுதான் திறந்தது. உள்ளே ஏடுகளை மூடிப் புற்று. பாதிக்கு மேல் செல்லரித்துப் போயிருந்தது. திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை இது.

அதனால் கடைசிச் சீட்டை மட்டும் மூன்றாகக் கிழித்து மூன்று பிள்ளைகளிடம் கொடு. சேர்த்து வைத்தால்தான் படிக்க முடிய வேண்டும். ஒரு துண்டு எந்தப் பக்கத்துப் பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது உன் வீடு, உன் விருப்பம். உன் அப்பாவைக் கேட்டுக்கொண்டு செய்வதென்றாலும் செய். ஆனால் கேட்டால் அண்ணன் என்ன சொல்வார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்காமலே கூப்பிட்டுவிட்டால் வந்த பிள்ளைகளைப் போ என்று சொல்கிற மனுஷர் இல்லை அவர்.

எழுத உட்கார்ந்தால் இப்படித்தான், எங்கேயோ போய்விடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே கண்ணு. வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளைகளுக்காக இத்தனை மெனக்கெடுகிறாய், நம் குடும்பத்தில் வேறு யாருக்கு இந்த மனசு வரும்? உன் கை பட்டால் எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். தொப்பியும் இருக்கட்டும், போட்டுக்கொண்டால் பிள்ளைகள் அழகாகத்தான் இருப்பார்கள். எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

பரிசுக்கு சாக்லெட் வாங்காதே, இந்த வெயிலில் உருகி ஓடும். பொருவிளங்காய் உருண்டை பிடித்து வெள்ளிக்கிழமை மாமாவிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அந்தப் பக்கத்து இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் மாவு அரைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அத்தை