கழுத்தில் உடையும் துப்பாக்கி

கேள்வி: 1930-களில் பர்மிங்காமில் செய்த இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. மதிப்பீட்டாளர் 6,000 டாலர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பழுது பார்க்க வேறு மாநிலத்தில் உள்ள ஒரு கைவினைஞருக்கு அனுப்ப வேண்டும். முழு மதிப்பையும் எழுதிக் கட்டணம் கட்டிவிட்டால், உடைந்தாலும் பணம் வந்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். எப்படிக் கட்டி அனுப்பினாலும் அது கழுத்தில்தான் உடையும் என்கிறார் இன்னொருவர். ஆயிரம் முறை சுட்ட அதிர்ச்சியைத் தாங்கிய துப்பாக்கி, ஒரு முறை கீழே விழுவதைத் தாங்காதா?
— ஒஹாயோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நல்ல கேள்வி. கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. முதல் நண்பர் பணத்தைப் பற்றிப் பேசுகிறார், இரண்டாமவர் மரத்தைப் பற்றி. பணத்தை முதலில் பார்த்துவிடுவோம். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

கூரியர் படிவத்தில் மதிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில் 6,000 என்று எழுதி, கூடுதல் கட்டணமும் கட்டிவிட்டால் காப்பீடு எடுத்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம். அது காப்பீடு அல்ல. அதன் பெயர் ‘அறிவித்த மதிப்பு’. அதாவது, சேதத்துக்கு நிறுவனம் ஏற்கும் பொறுப்பின் உச்சவரம்பு. ஒன்றும் எழுதாவிட்டால் பெரிய நிறுவனங்களில் அந்த வரம்பு வழக்கமாக 100 டாலர். நீங்கள் எழுதுவது வரம்பை உயர்த்துகிறது, அவ்வளவுதான். வரம்புக்குள் ஒரு காசாவது தர வேண்டுமா என்பது தனி வழக்கு.

அந்த வழக்கின் வேர் பழையது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தரைவழிச் சரக்கு சேதமானால் ஏற்றிச் சென்றவரே பொறுப்பு என்கிறது 1906-ஆம் ஆண்டின் கார்மாக் திருத்தம். ஆனால் அவர் தப்பிக்கச் சில வாசல்களும் உண்டு. ஒன்று, அனுப்பியவரின் தவறு: சரியாகக் கட்டாதது இதில் அடக்கம். இன்னொன்று, ‘உள்ளியல்புக் குறை’: சரக்கு தன் இயல்பினாலேயே கெடுவது. துப்பாக்கி உடைந்து வந்தால் நிறுவனம் பெரும்பாலும் முதல் வாசலைத்தான் தட்டும். ஆகவே எவ்வளவு எழுதினோம் என்பதைவிட எப்படிக் கட்டினோம் என்பதுதான் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கும்.

இப்போது மரம். சுடும்போது வரும் பின்னுதைப்பு, குழலிலிருந்து நேராகப் பின்னால் வந்து, கட்டை வழியாக உங்கள் தோளில் இறங்குகிறது. கட்டை செய்தவர் மரத்தின் ரேகை அதே திசையில் ஓடும்படி பார்த்துச் செய்திருப்பார். கோடரிக் காம்புக்கு நேர் ரேகையுள்ள கம்பைத் தேடி எடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ரேகையின் நீளவாக்கில் வரும் அழுத்தத்தை, கட்டைக்கு வழக்கமாக எடுக்கும் வால்நட் மரம் நன்றாகத் தாங்கும்.

பெட்டி விழும்போது நடப்பது வேறு. கட்டையின் அடி தரையில் மோதி நின்றுவிடுகிறது. முன்பக்கம் இருக்கும் எஃகு நிற்க மறுத்துத் தொடர்ந்து போகப் பார்க்கிறது. மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கியில் பெரும்பங்கு அந்த எஃகுதான். இரண்டுக்கும் நடுவே இருப்பது விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் இடம், அதாவது கழுத்து. கை அடங்க வேண்டும் என்பதால் அது மெலிந்திருக்கிறது. போதாததற்கு, எஃகுப் பாகங்கள் உட்காருவதற்காக அதன் முன்முனையைக் குடைந்தும் இருப்பார்கள். நெம்புகோல் போல எல்லா வளைவும் அங்கே வந்து சேரும். வளைவு ரேகையைப் பிளக்கும். சுடும் அதிர்ச்சியைத் தாங்கிய அதே மரம் இதற்குத் தோற்பதில் வியப்பில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விலை உயர்ந்த துப்பாக்கிகளின் கட்டையில் அலை அலையான அழகு ரேகைகளைப் பார்த்திருப்பீர்கள். ரேகை சுழன்று போவதுதான் அந்த அழகு. அது கழுத்து வரை வந்துவிட்டால் விலை கூடும், வலு குறையும். நல்ல கைவினைஞர் அழகைப் பின்பக்கத்தில் விட்டு, கழுத்தில் நேர் ரேகை வரும்படி பலகையை அறுப்பார்.

ஆக, உங்கள் இரண்டாவது நண்பர் உடையும் இடத்தைச் சரியாகச் சொன்னார். உடைந்தே தீரும் என்றதுதான் தவறு. இரட்டைக் குழல் துப்பாக்கியின் குழல்களைக் கழற்றிவிடலாம். கழற்றினால் நெம்புகோலின் நீண்ட கை காணாமல் போகிறது, பெட்டியும் குட்டையாகிறது. காலியாக இருக்கிறதா என்று பார்த்துக் கழற்றுங்கள். குழலையும் கட்டையையும் தனித்தனியாகச் சுற்றி, மூடிய அறை நுரைக்குள், அதாவது ஈரம் உறிஞ்சாத கெட்டி நுரைக்குள், அசையாமல் பொருத்துங்கள். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி போதும் என்று நம்ப வேண்டாம். உள்ளே ஆட இடமிருந்தால் அந்தப் பெட்டியே சுத்தியலாகிவிடும். குழலின் முனை அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும் என்பதால், இரு முனைகளிலும் ஒட்டுப்பலகைத் துண்டு வையுங்கள். எல்லாவற்றையும் இன்னொரு பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் மெத்தை விடுங்கள்.

யார் மூலம் அனுப்புவது? பெரிய தனியார் கூரியர் நிறுவனங்கள் பொதுவாக உரிமம் பெற்ற வணிகர் அனுப்பும் துப்பாக்கியை மட்டுமே ஏற்கின்றன. நீள் துப்பாக்கியை உரிமம் பெற்ற வணிகருக்கு நீங்களே அஞ்சலில் அனுப்பலாம். உங்கள் கைவினைஞரிடம் உரிமம் உண்டா என்று முதலில் கேளுங்கள். அஞ்சல்துறையின் சாதாரணக் காப்பீடு 5,000 டாலரோடு நிற்கும். பதிவு அஞ்சலில் 50,000 வரை போகலாம். அதற்குப் பெட்டியின் இணைப்புகளில் காகித நாடாதான் ஒட்ட வேண்டும்; பளபளக்கும் நாடாவில் முத்திரை மை பிடிக்காது.

பதிவு அஞ்சலை அற்பமாக நினைக்க வேண்டாம். 1958 நவம்பரில் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன், புகழ்பெற்ற ஹோப் வைரத்தை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது அதில்தான். செலவு 145.29 டாலர். அதில் அஞ்சல் கட்டணம் 2.44, மீதி முழுவதும் காப்பீட்டுக்கு. ஆனால் வைரத்துக்குக் கழுத்து கிடையாது. மோசமாகக் கட்டியதற்கு அஞ்சல்துறையும் பணம் தராது.

வீட்டில் இன்னும் நாலைந்து துப்பாக்கிகள் இருந்தால் ‘உள்நாட்டுக் கடல்’ காப்பீடு பற்றி விசாரியுங்கள். கடலே இல்லாத ஒஹாயோவில் அதை விற்பார்கள்! கப்பல் சரக்குக் காப்பீட்டின் வழக்கங்கள் தரைக்கு ஏறிவந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. அதில் ‘ஒப்பிய மதிப்பு’, அதாவது முன்கூட்டியே இருவரும் ஏற்ற தொகை, எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டை மட்டும் உடைந்தால் விலைச் சரிவுக்கும் பணம் தருவார்களா, ஒட்டும் கூலியோடு நிற்பார்களா என்றும் கேளுங்கள். கூலி மட்டும்தான் என்றால், ஒட்டிய துப்பாக்கியின் விலை சரிந்தது உங்கள் கணக்கில் போகும்.

கடைசியாக, கட்டும்போதே படிப்படியாகப் படம் எடுங்கள். வரிசை எண்ணும் கழுத்தும் தெளிவாகத் தெரியட்டும். வெளியே ‘துப்பாக்கி’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதச் சொல்லி நிறுவனங்கள் வற்புறுத்தவும் கூட்டாட்சிச் சட்டம் விடுவதில்லை. பெட்டியையும் நுரையையும் எறிந்துவிட வேண்டாம் என்று கைவினைஞரிடம் சொல்லிவையுங்கள். சேதம் இருந்தால் ஆய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். இல்லாவிட்டால் துப்பாக்கி அதிலேயே பத்திரமாக வீடு திரும்பும்.