அணிகலன் காத்தலும் அளவறிந்து வைத்தலும்



வீட்டு நகையைக் காப்பது எப்படி என்று கேட்டால், கள்வன் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பதே என்று பெரும்பாலோர் விடை கூறுவர். அவ்விடை பாதியளவே சரியானது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கடலோரத்தில் வாழும் நமக்கு, இடர் கள்வன் உருவில் மட்டும் வருவதில்லை. கடலாகவும் வெள்ளமாகவும் தொழிற்சாலை வாயுவாகவும் அது வருவதுண்டு. ஆகவே இரண்டு வினாக்களை முன்வைத்து இப்பாடத்தைத் தொடங்குவோம். பிறன் ஒருவன் நம் வீட்டினுள் புகுந்தால் நகை என்னாகும்? நாமே வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் நகை என்னாகும்? இவ்விரண்டிற்கும் விடையளிக்கும் காவலே முழுமையான காவலாகும்.

1. கடலோரம் கற்பித்த பாடம்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் செர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் அருகே வந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்தியது. அடுத்த நாட்களில் மக்கள் ஆயிரக்கணக்கில் நகரை விட்டு அகன்றனர். 1942 ஏப்ரலில் சப்பானியர் படையெடுப்பர் என்ற அச்சத்தால் சென்னை மீண்டும் காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் பலவும் வெளியூர்களுக்கு மாற்றப்பட்டன. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை கரையோரக் குடியிருப்புகளில் புகுந்தபோது, வீட்டுப் பூட்டைத் திறக்கவும் பலருக்கு நேரமில்லை.

2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் இருமுறை இப்பகுதி இடருற்றது. மாதத் தொடக்கத்தில் மிக்சாம் புயலின் வெள்ளம் வந்தது. மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் அவ்வெள்ளத்தோடு கலந்து, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளின் சுவர்களில் கறையாகப் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம் முதலிய ஊர்களின் மக்கள் உறக்கம் கலைந்து, மூச்சுத் திணறி, கைக்குழந்தைகளோடு தெருவிற்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அத்தகைய நேரத்தில் பீரோவின் சாவியைத் தேடி நிற்பவர் நகைக்காக உயிரைப் பணயம் வைக்கிறார். எல்லா நகையையும் கழுத்தில் பூட்டிக்கொண்டு இருட்டில் ஓடுபவரோ வேறோர் ஆபத்தை அழைக்கிறார். இதிலிருந்து நாம் பெறும் விதி ஒன்றே: திரும்பிப் பாராமல் விட்டுச் செல்லக்கூடிய அளவு நகையே வீட்டில் இருத்தல் வேண்டும்.

2. மூன்றாகப் பிரித்தல்

இல்லத்திலுள்ள நகைகள் அனைத்தையும் ஒருநாள் பகலில், குடும்பத்தார் கூடியிருக்கையில், மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, நாள்தோறும் அணிவது: தாலி, தோடு, மெல்லிய வளையல் போல்வன. இரண்டாவது, திருமணத்திற்கும் திருநாளுக்கும் அணிவது. மூன்றாவது, அணிவதற்கன்றிச் சேமிப்பாகவே கிடப்பது: காசு, பழைய ஆரம், உடைந்த துண்டுகள் முதலியன. முதல் வகை மட்டுமே வீட்டில் இருக்கட்டும். மற்ற இரண்டிற்கும் வங்கிப் பெட்டகமே தக்க இடம். விழா முடிந்ததும் "அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்" என்று தள்ளுவதால்தான் இரண்டாம் வகை நகை மாதக்கணக்கில் அலமாரியில் தங்கிவிடுகிறது. எடுத்த நாளிலேயே திரும்ப வைக்கும் நாளையும் நாட்காட்டியில் குறித்துவிடுதல் நன்று.

3. எழுதி வைத்தல்

ஒவ்வொரு நகைக்கும் ஒரு வரி வீதம் குறிப்பேட்டில் எழுதுக. பெயர், கிராம் கணக்கில் எடை, கல்லின் விவரம், வாங்கிய ஆண்டு, எவருடையது, இப்போது இருக்குமிடம் என ஆறு கட்டங்கள் போதும். 8 கிராம் கொண்டது ஒரு சவரன் என்பதை இளையோர்க்கும் சொல்லித் தருக. ஒவ்வொன்றையும் இருபுறமும் புகைப்படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைக்க வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கப்படும் முத்திரையிட்ட தங்க நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளக் குறி பொறிக்கப்படுகிறது. எச்.யு.ஐ.டி. எனப்படும் அக்குறி நகைக்கு நகை வேறுபடும். பி.ஐ.எஸ். கேர் என்னும் செல்பேசிச் செயலியில் அதனை இட்டுச் சரிபார்க்கலாம். அக்குறியையும் குறிப்பேட்டில் எழுதுக. பாட்டி காலத்து நகைகளில் அது இராது. ஆதலால் அவற்றிற்குப் புகைப்படமும் எடையும் இன்றியமையாதவை.

"எவருடையது" என்னும் கட்டத்தை எவரும் வெறுமையாக விடலாகாது. மணப்பெண்ணுக்கு அளிக்கப்பட்ட சீதனம் அவளுக்கே உரிய உடைமை என்றும், அதைக் கணவர் வீட்டார் வைத்திருந்தால் அவள் பொருட்டுக் காத்துவைப்பவர்களே ஆவர் என்றும் உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவுபடுத்தியது. மருமகளின் நகை மாமியாரின் பெட்டியில் இருக்கலாம். ஆனால் குறிப்பேட்டில் மருமகளின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

நகை இருக்குமிடத்தை ஒருவர் மட்டுமே அறிந்திருப்பதும் குறையே. நினைவு தவறினாலோ திடீரென மறைந்தாலோ அவரோடு அச்செய்தியும் மறைந்துவிடும். நம்பிக்கைக்குரிய இருவர் அறிந்திருக்கட்டும். குறிப்பேட்டின் படி ஒன்று வேறூரில் வாழும் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும். பொன் நீரில் மூழ்கினாலும் கெடாது. தாள் ஒரே வெள்ளத்தில் கரைந்துவிடும்.

4. எண்ணாதவர் பழி சுமத்துவர்

நகை காணவில்லை என்றதும் பணிப்பெண்ணை நோக்கிச் சுட்டுவிரல் நீள்வது நாம் பல இல்லங்களில் கண்ட வழக்கம். சில நாள் கழித்து அந்நகை புடவை மடிப்பிலோ அரிசிப் பானையிலோ கிடைத்துவிடும். ஆனால் அவள் இழந்த நற்பெயர் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு தெருவில் திருடி என்று சொல்லப்பட்டவளுக்கு அடுத்த தெருவிலும் வேலை இல்லை.

சிலப்பதிகாரத்தின் அடிப்படையே இதுவன்றோ? அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். உயிரிழந்தவன் கோவலன். ஆராயாமல் கள்வன் என்றதால் விளைந்த கேடு அது. கண்ணகியோ தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்பதை அறிந்திருந்தாள். அரசியின் சிலம்பினுள் இருந்ததோ முத்து. தன் அணிகலனை உள்ளும் புறமும் அறிந்திருந்ததே அவள் வழக்கை வென்றது. குறிப்பேட்டைப் பார்த்து, தேடி, எண்ணி முடிக்கும்வரை எவர்மேலும் ஒரு சொல்லும் சொல்லாதிருத்தல் நம் கடமை.

5. வங்கிப் பெட்டகம்

பெட்டகம் எடுத்துவிட்டால் கவலை முழுதும் நீங்கிற்று என்று எண்ணலாகாது. இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு, 2022 சனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிவு, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கும். வாடகை 3,000 ரூபாய் எனில் உச்ச அளவு 3 இலட்சம். இன்றைய பொன் விலையில் அது சில சவரன்களுக்கே ஈடாகும். வங்கியின் கவனக்குறைவு இல்லாதபோது, வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்ற இழப்பிற்கு அப்பொறுப்பும் இல்லை. ஆதலால் பெட்டக அறை தரைமட்டத்திற்குக் கீழே உள்ளதா, முன்பு அங்கு நீர் புகுந்ததா என்று கேட்டறிந்தே கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உங்கள் செல்பேசி எண் வங்கியில் சரியாகப் பதிவாகியிருக்கட்டும். பெட்டகம் திறக்கப்பட்டால் அன்றே உங்களுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும் என்பது விதி. வாரிசு நியமனத்தையும் மறவாதீர். ஆண்டிற்கு ஒருமுறையேனும் சென்று, குறிப்பேட்டோடு ஒப்பிட்டு வருக.

6. வீட்டினுள் காவல்

வீட்டில் வைக்கும் சிறிதளவு நகைக்கும் ஒழுங்கான இடம் வேண்டும். கனமான இரும்புப் பெட்டியானாலும் சுவரோடும் தரையோடும் திருகாணியால் பிணைக்கப்படாவிடின், பெட்டியோடு தூக்கிச் சென்றுவிடுவர். அதனை வெள்ளம் எட்டாத உயரத்தில் அமைக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு பூட்டையும் கீலையும் விரைவில் அரிக்குமாதலால், அவ்வப்போது எண்ணெயிட்டுத் துடைக்க வேண்டும். மெத்தையின் அடி, அரிசிப் பானை, பூசை அறை ஆகியவை கள்வன் முதலில் தேடும் இடங்கள். வெளியூர் செல்கையில் அருகிலுள்ள காவல் நிலையத்திலும், நம்பகமான அண்டை வீட்டாரிடமும் சொல்லிச் செல்க.

வாசலில் வரும் ஏமாற்று இருவகை. "நகைக்கு மெருகேற்றித் தருகிறோம்" என்று வருவோர், பொன்னைக் கரைக்கும் திராவகத்தில் நகையை முக்கி எடுப்பர். நைட்ரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கலவை தங்கத்தையும் கரைக்கும் என்பது பள்ளி வேதியியல் பாடம். நகை பளபளக்கும். எடை குறைந்திருக்கும். மற்றொரு வகையார் தெருவில் போலீசார்போல் நடித்து, "முன்னே கொலை நடந்திருக்கிறது, நகையைக் கழற்றிப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள் அம்மா" என்பர். வீடு வந்து பிரித்தால் கல்லே இருக்கும். முதிய பெண்மணிகளே அவர்களின் இலக்கு. உண்மையான காவலர் எவரும் தெருவில் நகையைக் கழற்றச் சொல்லார். "என் மகனை அழைக்கிறேன்" என்று உரக்கச் சொல்லி அருகிலுள்ள கடைக்குள் சென்றுவிடுக. ஆயுதத்தோடு வருபவன் கேட்டால் மட்டும் கொடுத்துவிடுக. போராட வேண்டா. பின்னர் 112 என்னும் எண்ணை அழைக்கலாம்.

7. வாங்குபவர் பொறுப்பு

ரசீதின்றி மலிவாக வரும் நகையை வாங்குபவர் கள்வனின் இன்னொரு கை ஆகிறார். களவாடப்பட்ட பொருளைக் கொள்வது கள்ளாமை விரதத்திற்கு நேரும் குற்றங்களுள் ஒன்று எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. பிறர் வீட்டு நகை விலைபோகாத ஊரில்தான் நம் வீட்டு நகையும் பாதுகாப்பாக இருக்கும்.

மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் இல்லறத்தாரிடம் கேட்பது, "இவ்வளவு போதும்" என்று அளவு வரைவதையே. தன்னிடம் உள்ளதை எண்ணாதவருக்கு அளவு வரைய இயலாது. ஆகவே நகைக் குறிப்பேடு எழுதும் நாளில், இறுதிப் பக்கத்தில் நம் எல்லை எது என்பதையும் எழுதலாமே.

இல்லத்தில் கலந்துரையாட

1. இன்றிரவு ஐந்து நிமிடத்தில் வீட்டை விட்டு வெளியேற வேண்டுமெனில், நம் குடும்பத்தார் எவரெவர் எதை எதை எடுக்க வேண்டும்? எதை விட்டுவிட வேண்டும்?

2. நம் வீட்டிலுள்ள நகைகளுள் கடந்த மூன்றாண்டுகளில் ஒருமுறையும் அணியப்படாதவை எவை?

3. நகை இருக்குமிடத்தை அறிந்த இரண்டாமவர் யார்?

4. ஒரு நகை காணாமற்போனால், எவரையும் ஐயுறுவதற்கு முன் நாம் செய்ய வேண்டிய மூன்று செயல்கள் யாவை?