திருவாதிரையை நேரில் பாருங்கள்

கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் தயங்காமல் சொல்கிறோம். அந்த நட்சத்திரத்தை வானத்தில் காட்டு என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்களே விழிக்கிறோம். பஞ்சாங்கப் பெயர்கள் மேலே நிஜமாகவே எரிந்துகொண்டிருப்பவை என்று நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

திருவாதிரையில் தொடங்கலாம். நம் மலையாள அன்பர்களுக்கும் அது திருவாதிரைதான். ஜனவரி நடுவில், இரவு பத்தரை மணி வாக்கில், கும்பளங்கியில் அது கிட்டத்தட்ட உச்சி வானில் இருக்கும். சீனவலை விளக்குகளை விட்டு விலகிக் காயலோரம் நில்லுங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அவற்றுக்கு வடகிழக்கே செந்நிறமாக மின்னுவதே திருவாதிரை. மேலைநாட்டார் பெட்டல்ஜியூஸ் என்பர்.

இதுவும் சூரியனைப் போன்ற வாயுக்கோளமே. ஆனால் சூரியன் இருக்கும் இடத்தில் இதை வைத்தால் பூமியும் செவ்வாயும் உள்ளே அடங்கிவிடும். செந்நிறம் ஏன்? ரயில்வேப் பட்டறையில் இரும்பு காய்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற வெளுக்கும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. திருவாதிரையில் 3,300 அளவுதான்.

ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும். ஓராண்டில் அது கடக்கும் தூரமே ஒளியாண்டு. திருவாதிரை 500 முதல் 700 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதாகக் கணிக்கிறார்கள். 500 என்றே கொண்டாலும், இன்று நம் கண்ணில் படும் ஒளி, வாஸ்கோ ட காமா கொச்சியில் இறந்த 1524-ஐ ஒட்டிப் புறப்பட்டது! மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எங்கும் நிற்காமல் ரயில் விட்டால் போய்ச் சேர 540 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே சுமார் 450 கோடிதான்.

இத்தனைக்கும் அது பக்கத்து வீடு. நம் பால்வீதி மண்டலத்தின் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. அடுத்த பெரிய மண்டலமான ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால். இப்படிப் பல்லாயிரம் கோடி மண்டலங்கள்.

2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ரோகிணியைவிட மங்கிவிட்டது. வெடிக்கப் போகிறது என்று பலர் பரபரத்தனர். அது உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததே முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஒருநாள் வெடிக்கும்தான், அதற்கு இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் இருக்கலாம். திருவாதிரையில் பிறந்தவர்கள் பரிகாரம் தேட வேண்டாம்.

ஒளி மாறும் விண்மீன்களைத் தேடுவது நமக்குப் புதிதன்று. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருக்குத் தொலைநோக்கி தேவைப்பட்டது. திருவாதிரைக்குக் கண்ணே போதும். அந்த மூன்று விண்மீன் வரிசையை வடமேற்கே நீட்டினால் செம்மஞ்சளாக ரோகிணி எதிர்ப்படும். இரண்டில் எது பிரகாசம் என்று, வாரம் ஒருமுறை தேதியிட்டுப் பிள்ளைகள் நோட்டில் குறித்து வரட்டும்.