வடிகட்டியில் மின்னும் துகள்கள்

உடலைக் கீறிப் பார்க்காமலே உள்ளே நடப்பதை அறிய, மருத்துவர் ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கிறார் அல்லவா? ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினையும் பிரித்துப் பார்க்காமலே அதன் உடல்நிலையை ஓரளவு அறியலாம். எஞ்சினுக்குள் அசையும் உறுப்புகளை எல்லாம் தொட்டுவிட்டு வருவது உயவு எண்ணெய். உறுப்புகளிலிருந்து தேய்ந்து உதிரும் உலோகத் துகள்களை அது சுமந்து வருகிறது; வடிகட்டி அவற்றைப் பிடித்து வைக்கிறது. அந்தத் துகள்களைச் சோதிக்கத் தெரிந்தால், எந்த உறுப்பு தேய்கிறது என்று சொல்லிவிடலாம். தவறாகச் சோதித்தால் என்ன ஆகும்? அதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

நான் செய்த தவறு

2006-ஆம் ஆண்டு. நான் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. என் தந்தையார் 1970-களில் வாங்கிய ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளை நானே பராமரித்து வந்தேன். ஒருநாள் எண்ணெய் மாற்றும்போது, வடிகட்டியில் வெள்ளி நிறத்தில் மினுமினுக்கும் துகள்கள் தென்பட்டன. ஆய்வகத்திலிருந்து ஒரு சட்டக் காந்தத்தைக் கொண்டுவந்து காட்டினேன். துகள்கள் அசையவில்லை. 'எஃகு உறுப்பு எதுவும் தேயவில்லை. ஆகவே கவலை இல்லை' என்று முடிவு செய்து, புது எண்ணெய் ஊற்றி மூடிவிட்டேன்.

சில வாரங்களுக்குப் பின், தந்தையாரைப் பின் இருக்கையில் அமர்த்தி நெடுஞ்சாலையில் சென்றபோது, எஞ்சினிலிருந்து 'டொக், டொக்' என்ற ஒலி கேட்டது. சற்று நேரத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின் சக்கரம் சங்கிலியால் எஞ்சினுடன் இணைந்திருப்பதால் அதுவும் சுழல முடியாமல் சாலையில் வழுக்கிக்கொண்டு சென்றது. கிளட்சைப் பிடித்த பிறகுதான் சக்கரம் விடுபட்டது. பின்னால் லாரி எதுவும் வராததால் இருவரும் தப்பினோம்.

எஞ்சினைப் பிரித்த மூத்த மெக்கானிக்கிடம் என் காந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "காந்தத்துல ஒட்டலைன்னா நல்லதுன்னு யார் சார் சொன்னா?" என்று கேட்டார். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்ற என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

துகள்கள் ஏன் தோன்றுகின்றன?

எவ்வளவு வழவழப்பான உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே தெரியும். இரண்டு பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று படியும்போது, மேடுகளின் உச்சிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த பௌடன், டேபர் என்னும் அறிஞர்கள், உண்மையில் தொடும் பரப்பு கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறு பகுதியே என்று காட்டினர். அந்தச் சிறு உச்சிகளின்மீதே முழுப் பளுவும் விழுவதால், அவை நசுங்கி ஒட்டி, பிய்ந்து உதிர்கின்றன.

இதைத் தடுப்பதே எண்ணெய்ப் படலத்தின் வேலை. ஆனால், எஞ்சினை முடுக்கும் முதல் நொடிகளில் படலம் முழுமையாக உருவாகியிருக்காது. மேலும், நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் பிஸ்டன் நொடிக்கு 100 முறை நின்று திரும்புகிறது. அது நின்று திரும்பும் இடங்களில் படலம் மெலிந்துவிடும். ஆகவே, நல்ல எஞ்சினிலும் சிறிது தேய்மானம் இருந்தே தீரும். மாவு போன்ற நுண்ணிய துகள் சிறிதளவு இருப்பது இயல்பே.

எந்த உறுப்பு, எந்த உலோகம்?

பழைய எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டரின் உட்சுவரும் பிஸ்டன் ரிங்குகளும் வார்ப்பிரும்பால் ஆனவை. கியர்களும் கேம்களும் எஃகு. பிஸ்டன் அலுமினியக் கலவை. பிஸ்டனையும் இணைப்புத் தண்டையும் கோக்கும் ஊசியைத் தாங்கும் புஷ் வெண்கலம். இணைப்புத் தண்டின் கீழ்முனை, கிராங்க் தண்டைப் பற்றும் இடத்தில், சில எஞ்சின்களில் எஃகு உருளைத் தாங்கி இருக்கும்; வேறு சிலவற்றில் வெள்ளை உலோகம் பூசிய புஷ் இருக்கும்.

இந்த வெள்ளை உலோகம், வெள்ளீயம் அல்லது காரீயத்தை முதன்மையாகக் கொண்ட கலவை. 1839-இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் இதை உருவாக்கினார். இது வேண்டுமென்றே மென்மையாக ஆக்கப்பட்ட உலோகம். எண்ணெயில் வரும் தூசி இதில் புதைந்துவிடும். விலை உயர்ந்த கிராங்க் தண்டு கீறல்படாமல் தப்பும். தான் தேய்ந்து மற்றதைக் காப்பதே இதன் கடமை. ஆனால், பூச்சு தேய்ந்து தீர்ந்தபின் காப்பதற்கு எதுவும் இல்லை.

என் தவறு இப்போது புரிகிறதா? காந்தம் 'இது இரும்பா?' என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்லும். 'இதனால் ஆபத்து உண்டா?' என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. 'இரும்பு இல்லை' என்ற விடையை 'ஆபத்து இல்லை' என்று நானே மாற்றிப் படித்துவிட்டேன்.

நான்கு சோதனைகள்

முதலில் துகள்களை மண்ணெண்ணெயில் நன்றாக அலசி, வெள்ளைத் துணியில் வடிகட்டி உலர்த்துங்கள். பெட்ரோல் எளிதில் தீப்பற்றும். அதைப் பயன்படுத்தக் கூடாது. அலசாமல் காந்தத்தைக் காட்டினால், எண்ணெய்ப் பிசுக்கினால் அலுமினியத் துகளும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றும்!

1. காந்தம்: துகள்களை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். கூடவே நகர்வன இரும்பு அல்லது எஃகு.

2. நிறம்: நகராதவற்றை வெயிலில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பொன்னிறமாகவோ செந்நிறமாகவோ இருந்தால் வெண்கலம்; புஷ் தேய்கிறது எனலாம்.

3. காரம்: வெள்ளி நிறத் துகள்களை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இடுங்கள். அலுமினியமானால் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். காரம் கண்ணையும் தோலையும் அரிக்கும், ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். எனவே, இதைப் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், நெருப்பு இல்லாத இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

4. வெப்பம்: கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள துண்டு ஒன்றைச் சூடான சால்டரிங் அயர்ன் முனையால் தொடுங்கள். இதையும் பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்யுங்கள். வெள்ளை உலோகம் சுமார் 240 டிகிரி செல்சியசிலேயே உருகத் தொடங்கும். தூய அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். அதன் கலவைகளும் அந்த முனையின் சூட்டில் உருகமாட்டா.

மெக்கானிக் பிரித்த எஞ்சினின் அடியில் தங்கியிருந்த எண்ணெயை வாங்கிச் சென்று, இந்தச் சோதனைகளை மறுநாள் செய்து பார்த்தேன். காந்தத்தில் நகரவில்லை, காரத்தில் குமிழி இல்லை, சூட்டில் உடனே உருகியது. கீழ்முனைப் புஷ்ஷின் வெள்ளை உலோகமே அது. முன்பே அரை மணி நேரம் செலவழித்திருந்தால் தெரிந்திருக்கும்.

வடிவமும் அளவும்

உலோகம் எது என்று தெரிந்தால் மட்டும் போதாது. மெல்லிய தகடு போன்ற எஃகுச் செதில்கள் தென்பட்டால் எச்சரிக்கை! உருளைத் தாங்கியும் கியர்ப் பல்லும் மீண்டும் மீண்டும் அழுத்தம் பெறும்போது, மிகுந்த சறுக்குத் தகைவு பரப்பின் மேலே அன்றி, சற்றுக் கீழே தோன்றுகிறது. வளைந்த பரப்புகள் தொடும்போது எழும் தகைவுகளைக் கணக்கிட வழி காட்டியவர், மின்காந்த அலைகளைக் கண்டறிந்த அதே ஹெர்ட்ஸ்தான். ஆழத்தில் தோன்றிய விரிசல் மேலே எட்டும்போது செதில் பெயர்ந்து விழுகிறது. இது உலோகக் களைப்பு; ஓய்வு கொடுத்தால் தீராது.

அடுத்து, துகள் கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். புதிதாகப் பழுது பார்த்த எஞ்சினில் பரப்புகள் ஒன்றுக்கொன்று படியும்வரை துகள் மிகுதியாக வரும், பிறகு குறையும். குறைந்தது மீண்டும் கூடினால்தான் கவலை. எனவே, ஒவ்வொரு முறையும் ஓடிய தூரத்தையும் கண்டதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பல பழைய வண்டிகளில் கம்பி வலை மட்டுமே வடிகட்டியாக இருக்கும். நுண்துகள் அதில் தங்காது. வலை சுத்தமாக இருப்பதால் எஞ்சின் நலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பெரிய இயந்திரங்களுக்கும் இதே முறை உண்டு. 1940-களில் அமெரிக்க இரயில்வேக்களில் டீசல் எஞ்சின்களின் எண்ணெயை நிறமாலைமானியில் சோதித்தனர். எந்தத் தனிமம் எவ்வளவு கலந்துள்ளது என்று அது காட்டும். ஆனால், பெரிய துண்டுகளை அது சரியாகக் கணக்கிடாது. 1970-களில் வெஸ்ட்காட் என்பவர், வலிய காந்தத்தின்மேல் சாய்த்து வைத்த கண்ணாடியில் எண்ணெயை ஓடவிட்டு, துகள்களை அளவு வாரியாகப் படியவைக்கும் முறையை வகுத்தார். இதில் முதன்மையாகப் படிவது இரும்பு. ஒவ்வொரு கருவியும் தனக்குரிய கேள்விக்கே விடை தருகிறது என்பதைக் கவனியுங்கள்.

நீங்களே கண்டுபிடியுங்கள்

(அ) பழுது பார்த்துச் சிறிது தூரம் ஓடிய எஞ்சினில் காந்தத்தில் ஒட்டும் நுண்துகள் மிகுதி. அடுத்த எண்ணெய் மாற்றத்தில் மிகவும் குறைவு.
(ஆ) வெள்ளி நிறம், காந்தத்தில் நகரவில்லை, காரத்தில் குமிழி எழுகிறது.
(இ) உருளைத் தாங்கி உள்ள எஞ்சின், ஒரு மில்லிமீட்டர் அகலச் செதில்கள், காந்தத்தில் நகர்கின்றன.

விடைகள்: (அ) பரப்புகள் படிகின்றன, கவலை இல்லை. (ஆ) அலுமினியம், பிஸ்டனைப் பாருங்கள். (இ) தாங்கியோ கியரோ களைத்துவிட்டது. இனி அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

இனி நீங்கள் எந்தச் சோதனை செய்தாலும், முடிவை எழுதுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'நான் கேட்ட கேள்வி எது? கருவி விடை சொன்ன கேள்வி எது?' இரண்டும் ஒன்றானால் மட்டுமே முடிவை எழுதுங்கள்.