திறப்புத் தொலைந்த பழைய ஜப்பான் கார்: யாரைக் கூப்பிடுவது?

நல்லூர்த் திருவிழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். கார்த் திறப்பை வைக்க ஒரு பொக்கற்றும் இல்லை. நானும் இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு வீதி சுற்றினேன். காரடிக்கு வந்து தடவிப் பார்த்தால் மடிப்புத்தான் இருந்தது. என்னுடையது 2003ஆம் ஆண்டு கொரொல்லா 121. ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தபோதே ஒற்றைத் திறப்போடுதான் வந்தது. இன்னொன்று வெட்டி வைக்க வேண்டும் என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அன்றிரவே மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள். முகவர் கொம்பனியிடம் கேள். திறப்பு வெட்டுகிற ஆளைக் கூப்பிடு. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பாவித்த செற் ஒன்று எடுத்துப் போடு. மூன்றுமே நல்ல வழிகள்தான், ஆனால் மூன்று விதமான கார்களுக்கு. ஆகவே யாருக்கும் போன் எடுக்கமுதல் உங்கள் காரில் சிப் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிப் என்பது திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் இருக்கும் அரிசி மணி அளவு அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய துண்டு. அதற்குப் பற்றரி கிடையாது. இக்னிஷன் துளையைச் சுற்றியுள்ள செம்புச் சுருள்தான் அதற்கு மின் கொடுத்து, அதன் இலக்கத்தைக் கேட்கும். இலக்கம் சரியில்லை என்றால் திறப்புச் சுழலும், எஞ்சின் பிடிக்காது. ஐரோப்பாவில் 1998 ஒக்ரோபரில் இருந்து புதிய கார்களுக்கு இந்த இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்களில் அப்படியொரு ஒழுங்கைக் காண முடியாது. ஒரே மொடலில் ஒன்றுக்கு இருக்கும், பக்கத்தில் நிற்பதற்கு இருக்காது. ஸ்டியரிங் தண்டின் கீழ் மூடியைக் கழற்றினால், இக்னிஷன் வாயைச் சுற்றி வயர் போகிற ஒரு வளையம் தெரிகிறதா என்று பார்க்கலாம். கையில் ஒரு திறப்பு மிச்சம் இருந்தால் இன்னும் சுலபம்: அதன் தலையை அலுமினியத் தாளால் நன்றாகச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுங்கள். பிடித்தால் அநேகமாகச் சிப் இல்லை.

சிப் இல்லாத காருக்குத் திறப்பு வெட்டுகிறவரே போதும். என் காருக்கு வந்தவர் கதவுப் பூட்டுக்குள் மெல்லிய கருவி ஒன்றை விட்டு, உள்ளே இருக்கும் தகடுகளின் உயரத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஒரு துண்டுக் கடதாசியில் இலக்கம் இலக்கமாகக் குறித்தார். அந்த இலக்கங்களை வைத்துத்தான் வெட்டினார். இது முக்கியம். இருபது வருடம் தேய்ந்த திறப்பை வைத்து இன்னொன்றை வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். ஒரு நாள் சுழலும், மறுநாள் அடம் பிடிக்கும். புதுத் திறப்போடு வருகிற சிறு அலுமினியத் தகட்டில் உள்ள எண் உங்களிடம் இருந்தால் பூட்டைத் தொடவே தேவையில்லை.

சிப் உள்ள காரில், ஒரு திறப்பாவது கையில் இருக்கிறதா என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். இருந்தால் இரண்டு வழி. பழைய சிப்பின் இலக்கத்தை அப்படியே புதுச் சிப்பில் பிரதி எடுப்பது மலிவு. ஆனால் காருக்கு இரண்டும் ஒரே திறப்பாகவே தெரியும், ஆகவே தொலைந்ததை மட்டும் தனியே அழிக்க முடியாது. புதிய இலக்கமாகப் பதிவது கொஞ்சம் கூடச் செலவு. திறப்புக் களவு போயிருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன், பழையவற்றை அழிக்கவும் சொல்வேன். பழைய டொயோட்டாக்களில் கறுப்புத் தலை மாஸ்டர், சாம்பல் தலை வலே. வலேயை வைத்து எஞ்சினை ஓட்டலாம், புதுத் திறப்பைப் பதிய முடியாது. மிச்சம் இருப்பது சாம்பல் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒன்றுமே இல்லாவிட்டால், இம்மொபிலைசரின் நினைவகத்தைத் திருத்தி எழுதத் தெரிந்தவர் வேண்டும். எல்லாத் திறப்பு வெட்டுகிறவர்களுக்கும் அது கைவராது. “உங்கட மொடலுக்கு முன்னம் செய்திருக்கிறியளா?” என்று நேராகக் கேளுங்கள். அவர் உங்களிடம் பதிவுப் புத்தகமும் அடையாள அட்டையும் கேட்டால் கோபிக்காதீர்கள். கேட்காத ஆளிடம்தான் யோசிக்க வேண்டும். எஞ்சின் கணினிப் பெட்டி, இம்மொபிலைசர், சிலிண்டர், திறப்பு எல்லாம் ஒரே காரில் இருந்து கழற்றிய செற் இதற்கு அடுத்த வழி. அதையும் உங்கள் பெட்டியின் இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

முகவரிடம் போவது எப்போது? கார் அவர்களே விற்றது என்றால், அல்லது பழைய ஐரோப்பியக் கார் என்றால். 1990களின் பிற்பகுதி பி.எம்.டபிள்யூ சிலவற்றில் பத்துத் திறப்புக்கு இடம் முன்பே ஒதுக்கியிருப்பார்கள். கொம்பனியில் இருந்து வருவது அப்படியே வேலை செய்யும். ஜப்பான் உள்நாட்டுக் காருக்கு 17 இலக்க எண் இல்லை, எழுத்தோடு தொடங்கும் குறுகிய சேஸி எண்தான். ஆகவே உங்கள் சேஸி எண்ணுக்குத் தகவல் எடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஸ்மார்ட் திறப்புக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. இணையத்தில் மலிவாக வருகிற பாவித்த திறப்பு பெரும்பாலும் பழைய காரோடு பூட்டுப்பட்டிருக்கும். புதியதாக இருந்தாலும் ஜப்பான் கார் கேட்பது 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை, ஐரோப்பியத் திறப்பு பேசுவது 433இல்.

கையில் ஒரு திறப்பாவது இருக்கிறவர்கள் இந்தக் கிழமையே இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். வெட்டியவரிடம் அந்த இலக்கங்களைக் கேட்டு வாங்கி, பதிவுப் புத்தகத்தோடு வீட்டில் வையுங்கள். காருக்குள் வைக்க வேண்டாம்.