நட் வந்தது, போல்ட் வரவில்லை

நம் லேபில் இருக்கும் போல்ட்டுகளை வருஷா வருஷம் ஒவ்வொரு பேட்ச்சும் கழற்றி மாட்டுவதால் அவை கை வைத்ததுமே வந்துவிடும். ரோட்டில் ஓடுகிற வண்டி அப்படியில்லை. சித்தப்பாவின் பழைய மாருதி 800-ல் அது எனக்கு விளங்கியது.

முன் இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் 'கடக்' என்று சத்தம். லோயர் ஆர்மின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ் போய்விட்டது. திங்கட்கிழமை பாட்டியை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயாக வேண்டும். "டிப்ளமோ படிக்கிறவன் வீட்லயே இருக்கான், ஒர்க்‌ஷாப் எதுக்கு?" என்றார் சித்தப்பா. சனிக்கிழமை மதியம் நாகல் நகர் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தோம். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி, பாடிக்கு அடியில் ஸ்டாண்டும் கொடுத்தேன். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. இதில் மட்டும் யாரும் வீரம் காட்ட வேண்டாம்.

நட் சுலபமாகக் கழன்றது. போல்ட் அசையவில்லை. ரிங் ஸ்பேனரில் பைப் மாட்டித் திருப்பினால் கொஞ்சம் சுற்றும். விட்டால் ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே வந்துவிடும். சுத்தியலால் முனையில் அடித்தேன். மரைதான் நசுங்கியது. (நட்டை முனையோடு சமமாகத் திருகிவிட்டு அடித்திருந்தால் மரை பிழைத்திருக்கும்.) சித்தப்பா கேஸ் வெல்டிங்காரரைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார்.

பக்கத்து வீட்டுத் தாத்தா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "தம்பி, சாவி திரும்பலேன்னா சாவியையா முறுக்குறது? உள்ளே எது எதைப் பிடிச்சிருக்குன்னு மொதல்ல பாரு."

அதுதான் விஷயம். பிடித்தது மரை இல்லை. புஷ்ஷின் நடுவே ஒரு இரும்புக் குழாய் உண்டு. போல்ட் அதற்குள்தான் போகிறது. இடுக்கில் தண்ணீர் தங்கித் துரு ஏறியிருக்கிறது. அரித்த இரும்பைவிடத் துருவுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். அதனால் ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். நான் திருப்பியபோது குழாயும் சேர்ந்து சுற்றி, ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

நட் பிடித்திருந்தால் சூடு உதவும். 12 மி.மீ. துளையை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் 12 × 0.000012 × 200, அதாவது சுமார் 0.03 மி.மீ. விரியும். துருவை உடைக்க அது போதும். ஆனால் இங்கே குழாயைச் சுற்றி ரப்பர், பக்கத்திலேயே பிரேக் ஹோஸ். நெருப்பு வைக்கிற இடமா இது? வெல்டிங்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ராத்திரி முழுக்கத் துரு நீக்கும் எண்ணெயில் ஊற விட்டோம். காலையிலும் அசையவில்லை. குழாயின் இரு முனைகளையும் பிராக்கெட் நெருக்கிப் பிடித்திருக்கும்போது எண்ணெய் எப்படி உள்ளே போகும்? கடைசியில் பிராக்கெட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே வெறும் ஹேக்ஸா பிளேடை நுழைத்து, துணி சுற்றிப் பிடித்து, குழாயோடு சேர்த்து இரு பக்கமும் அறுத்தேன். இரண்டு மணி நேரம்! ஆர்ம் கையோடு வந்தது.

அறுத்ததற்குப் பதிலாக ஹார்டுவேர் கடை போல்ட் எதையாவது போடக் கூடாது. தலையில் 8.8 என்றிருந்தால் இழுவிசைத் தாங்குதிறன் ஒரு சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன், 4.6 என்றால் அதில் பாதிதான். கம்பெனி போல்ட்டே வாங்கினோம். மரையில் படாமல் தண்டில் மட்டும் கிரீஸ் தடவினேன். மரையில் பட்டால் அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மேல் இறுகிவிடும்.

சக்கரம் தொங்கும்போதே முழுக்க இறுக்கப் போனேன், நல்லவேளை மேனுவலைப் பார்த்தேன். அப்படிச் செய்தால் வண்டி இறங்கியதும் புது ரப்பர் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, சித்தப்பா டார்ச் அடிக்க, கடைசி இறுக்கு இறுக்கியபோது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழரை மணி.